ஊர் நடுவில் எல்லாம் ஒரே வகை மரமா? மணவூர் – திருத்தணி பக்கம் ஒரு நிழல் கணக்கு

கோடை வந்தால் வானிலைச் செய்தியில் இரண்டு பெயர்கள் அடிக்கடி வரும். ஒன்று வேலூர், இன்னொன்று திருத்தணி. 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதெல்லாம் இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் புதுச் செய்தியே இல்லை. ஏசி அறையில் இருப்பவருக்கு அது மொபைலில் வரும் ஒரு எண். கோயில் வாசலில் பூக்கட்டி விற்பவருக்கும், பஸ் ஸ்டாண்டில் இளநீர் வண்டி தள்ளுபவருக்கும், மணவூர் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருப்பவருக்கும் அது உடம்பில் ஏறும் சூடு. அவர்களுக்கு இருக்கிற ஒரே ஏற்பாடு மரம்தான்.

பெரு நகரங்களில் பொதுச் சதுக்கம் என்று சொல்லும் இடத்துக்கு நம் ஊர்களில் வேறு பெயர்கள் உண்டு. முச்சந்தி, மந்தை, சந்தைத் திடல், குளத்தங்கரை, தேரடி, அரசமரத்தடி. ஊர் கூடுகிற இடத்துக்கு மரத்தின் பெயரையே வைத்த வழக்கம் இது. சுந்தர ராமசாமி 1966-இல் எழுதிய ‘ஒரு புளியமரத்தின் கதை’ நாவலில் கதாபாத்திரமே முச்சந்தியில் நின்ற ஒரு மரம்தான். அந்த மரத்தடிகள் இன்று எப்படி இருக்கின்றன என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. ஆண்டுதோறும் எத்தனை கன்று நட்டோம் என்ற கணக்கு மட்டும் ஜோராக வருகிறது. நட்டாச்சு, போட்டோ எடுத்தாச்சு, ஸ்டேட்டஸ் போட்டாச்சு. எத்தனை வகை நட்டோம், நட்டதற்கு வேர்விட மண் இருக்கிறதா, ஏற்கெனவே நிற்கிற பெரிய மரம் எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்று கேள்விகளும் அந்த போட்டோவில் விழுவதில்லை.

மரப் பெயரில் வாழும் மாவட்டம்

சென்னை – அரக்கோணம் மின்சார ரயில் தடத்தில் மணவூருக்கு அடுத்த நிலையம் திருவாலங்காடு. ஆலங்காடு என்றால் ஆலமரக் காடு. அங்குள்ள இறைவன் பெயர் வடாரண்யேஸ்வரர். வடம் என்பது ஆல், ஆரண்யம் என்பது காடு. ஐந்து சபைகளில் ரத்தினசபை இருக்கும் இந்தத் தலத்துக்குக் காடுதான் முகவரி. பக்கத்திலுள்ள பழையனூரின் நீலி கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அவள் இடுப்பில் குழந்தையாக மாறியது ஒரு கள்ளிக் கொம்பு என்பது நினைவிருக்கும். பேய்க் கதைக்குக்கூட இந்த மண்ணில் ஒரு செடி தேவைப்பட்டிருக்கிறது.

அதே திருவள்ளூர் மாவட்டத்தில் திருவேற்காடு இருக்கிறது, வேலமரக் காடு. திருமுல்லைவாயில் இருக்கிறது, முல்லைக் கொடி. திருப்பாசூர் இருக்கிறது, பாசு என்பது மூங்கில். கொஞ்சம் தள்ளிப் போனால் காஞ்சியில் மா, மயிலாப்பூரில் புன்னை, திருவான்மியூரில் வன்னி. இன்னும் தெற்கே சிதம்பரத்துக்குத் தில்லை, திருவானைக்காவுக்கு வெண்நாவல், மதுரைக்குக் கடம்பு. தல விருட்சம் என்பதை பக்தியோடு நிறுத்திவிடுகிறோம். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனித்தால் ஆச்சரியமாக இருக்கும். ஊருக்கு ஊர் வேறு வேறு மரம். எல்லாக் கோயிலிலும் ஒரே மரத்தை வைத்துக் கும்பிடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. எந்த மண்ணுக்கு எது வந்ததோ அது அங்கே நின்றது.

இன்றைய நிலை நேர் எதிர். நர்சரியில் எந்தக் கன்று மலிவாக, சீக்கிரம் வளர்வதாக, மொத்தமாகக் கிடைக்கிறதோ அது மாநிலம் முழுக்கப் போகிறது. ஒரு காலத்தில் குல்மோகரும் இயல்வாகையும் தூங்குமூஞ்சியும் போயின. குல்மோகரின் தாயகம் மடகாஸ்கர், தூங்குமூஞ்சியின் தாயகம் மத்திய, தென் அமெரிக்கா. பிறகு நெட்டிலிங்கம் வரிசை கட்டியது. அதற்கப்புறம் பச்சைச் சுவர் மாதிரி வளரும் கோனோகார்பஸ். அதன் மகரந்தம் ஒவ்வாமையும் சுவாசக் கோளாறும் உண்டாக்குகிறது, வேர் கழிவுநீர்க் குழாய்களையும் கேபிள்களையும் கெடுக்கிறது என்ற காரணங்களைச் சொல்லி குஜராத் அரசு 2023 செப்டம்பரில் அதைத் தடை செய்தது. தமிழ்நாடு அரசும் 2025 தொடக்கத்தில் அதை நடக் கூடாது என்று உத்தரவிட்டது. சரியான முடிவுதான். ஆனால் ஒரே கன்றை ஊரெல்லாம் நட்டுவிட்டு, பத்து வருஷம் கழித்துத் தடை போட்டு, ஊரெல்லாம் பிடுங்குவது எவ்வளவு பெரிய வீண் செலவு! கோனோகார்பஸ் போன இடத்தில் அடுத்து எந்த ஒற்றை மரம் வந்து நிற்கப்போகிறது என்பதுதான் இப்போது கேட்க வேண்டியது.

‘நாட்டு மரம் வைத்தால் போதும்’ என்பது பாதி உண்மை

இதைப் படித்ததும் பலர் சொல்லக்கூடிய பதில் ஒன்று உண்டு. “அதான் சார், வெளிநாட்டு மரமெல்லாம் வேணாம், வேம்பு வைங்க, புங்கன் வைங்க, முடிஞ்சது.” கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முடிந்துவிடவில்லை.

2021-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தெலங்கானாவில் ஊர் ஊராக வேப்ப மரங்கள் காய்ந்தன. கிளை நுனியில் தொடங்கி இலைகள் பழுப்பாகி, தூரத்திலிருந்து பார்த்தால் தீயில் கருகினது மாதிரி நின்றன. வேப்ப மரமே பட்டுப்போகிறதா என்று ஜனங்கள் பயந்துபோனார்கள். காரணம் ஒரு பூச்சியும் ஒரு பூஞ்சையும் சேர்ந்த கூட்டணி. தேயிலைக் கொசு என்று அழைக்கப்படும் சிறு பூச்சி இளந்தளிரில் குத்திச் சாறு உறிஞ்சும். ஃபோமோப்சிஸ் என்ற பூஞ்சை நுனிக்கருகல் நோயைக் கொண்டுவரும். மழைக்காலத்தை ஒட்டி இது தலைகாட்டும். தமிழ்நாட்டிலும் வேம்பில் இதே கருகலைப் பார்க்க முடிகிறது. பூச்சிக்கும் பூஞ்சைக்கும் மாநில எல்லை தெரியாது. திருத்தணியிலிருந்து ஆந்திர எல்லை கூப்பிடு தூரம்.

இதில் நல்ல செய்தி, வளர்ந்த வேம்பு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பிப்ரவரி, மார்ச்சில் புதுத் தளிர் வந்துவிடும். கெட்ட செய்தி, அதுவரை பொறுக்க ஆளில்லாமல் “பட்டுப்போச்சு” என்று கோடாலியை எடுப்பவர்கள். இன்னொரு கெட்ட செய்தி, ஒரே திடலில் 30 வேம்பு நின்றால் 30-க்கும் ஒரே நேரத்தில் வரும். அதற்கு அடுத்த வருஷமும் வந்தால் மரம் தெம்பிழக்கும். வேம்பு நாட்டு மரமா இல்லையா என்று பூஞ்சை விசாரிப்பதில்லை. தின்பதற்கு அடுத்தடுத்து ஒரே தட்டு வைத்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும்.

நாடு, அயல் என்று பிரிப்பதிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். நெடுஞ்சாலையோரம் தலைமுறை தலைமுறையாக நிழல் தந்து, ஆண்டுதோறும் ஏலத்துக்கும் போகிற புளி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அதை இன்று யார் அந்நியன் என்பார்கள்? பல காலம் இந்த மண்ணில் நின்று காட்டியிருக்கிறது, பறவைக்கும் மனுஷனுக்கும் ஆகியிருக்கிறது. அது போதும்.

சிங்கப்பூர் கற்ற பாடம்

தமிழர்களுக்குப் பழக்கமான ஊர் என்பதால் சிங்கப்பூரைப் பார்க்கலாம். அந்த நாடு 1960-களின் இறுதியிலும் 70-களிலும் சாலைகளை அவசரமாகப் பசுமையாக்க நினைத்தபோது கை கொடுத்தது அங்சானா என்ற மரம். நம் ஊர் வேங்கையின் நெருங்கிய உறவு. பெரிய கிளையை வெட்டி நட்டாலே வேர் பிடித்துவிடும், சில வருஷத்தில் குடை விரிக்கும். ‘உடனடி மரம்’ என்றே அதைச் சொன்னார்கள். 1980-களில் ஒரு வாடல் நோய் வந்தது. இதுவும் பூஞ்சைதான். நூற்றுக்கணக்கான அங்சானா மரங்கள் செத்தன. அதன்பிறகுதான் சாலைக்குச் சாலை வேறு வேறு இனம் என்று கலந்து நடுவதில் அந்த ஊர் தீவிரமானது. பணமும் ஆளும் நிர்வாகமும் உள்ள ஊரே இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் கற்றது.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எல்ம் மரங்களை வாரிக்கொண்டுபோன நோய் கடந்த நூற்றாண்டின் கதை. 2002-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பச்சை வண்டு, ஆஷ் என்ற மரத்தைக் கோடிக்கணக்கில் அழித்தது. எல்ம் போன இடங்களில் பல ஊர்கள் ஆசையாக நட்டது எது தெரியுமா? அதே ஆஷ்.

இந்த அனுபவங்களிலிருந்து 1990-இல் ஃபிராங்க் சான்டமோர் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் ஒரு கைக்கணக்கு சொன்னார். ஒரு ஊரின் மரங்களில் ஒரே இனம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரே பேரினம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரே குடும்பம் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இது வேதவாக்கு இல்லை, இதைவிடக் கடுமையாக வேண்டும் என்பவர்களும் உண்டு. ஆனால் ஒரு பஞ்சாயத்து கிளார்க்கால்கூட போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு என்பது இதன் பலம்.

போட்டுப் பார்த்தால்தான் அதிர்ச்சி. ஒரு பஸ் ஸ்டாண்டைச் சுற்றி புங்கன், புளி, வாகை, தூங்குமூஞ்சி, குல்மோகர், இயல்வாகை, சரக்கொன்றை என்று ஏழு வகை நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். “அடேங்கப்பா, ஏழு வகை!” என்று தோன்றும். ஏழும் ஒரே குடும்பம். பீன்ஸ், துவரை குடும்பம். வன்னியும் கொடுக்காப்புளியும் சேர்த்தாலும் அதே வீடுதான். இன்னொரு பக்கம் ஆல், அரசு, அத்தி, இச்சி நான்கும் ஒரே பேரினம். பலாவும் அந்தக் குடும்பத்தில் சேர்த்தி. வேம்பு, மலைவேம்பு, மகாகனி மூன்றும் ஒரு குடும்பம். வேடிக்கை என்னவென்றால், தடை செய்யப்பட்ட கோனோகார்பஸும் நம் மருதமரமும் ஒன்றுவிட்ட சொந்தம்.

அப்படியானால் கலப்பு எங்கிருந்து வரும்? நாவல் ஒரு குடும்பம். புன்னை இன்னொன்று. மகிழமும் இலுப்பையும் வேறொன்று. பூவரசு வேறு. மா வேறு. விளாவும் வில்வமும் எலுமிச்சைக் குடும்பம். மருது இருக்கவே இருக்கிறது. இவற்றில் ஒன்றுகூட வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை, வனத்துறை நர்சரியில் கேட்டால் கிடைக்கக்கூடியவைதான். கேட்பதில்தான் இருக்கிறது.

நிழலுக்கும் ஒரு காலண்டர் உண்டு

அதிகம் பேசப்படாத விஷயம் இது. மரம் என்றால் வருஷம் முழுக்க நிழல் என்று நினைப்பது தப்பு. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு மாத அட்டவணை உண்டு.

குல்மோகரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் சிவப்பாகப் பூத்துக் கண்ணைப் பறிக்கும். இன்ஸ்டாகிராமுக்கு அதைவிட நல்ல மரம் கிடையாது. ஆனால் பூக்கிற சமயத்தில் அதில் இலை குறைவு. திருத்தணியில் வெயில் உச்சத்தில் இருக்கிற மாதத்தில், அடியில் நிற்பவருக்கு அது தருவது கிழிந்த குடை. புங்கன் வேறு மாதிரி. கோடைக்கு முன்னால் இலையைக் கொட்டிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் பளபளவென்று புதுத் தளிர் விட்டுவிடும். அரசும் ஏறக்குறைய அப்படியே. வேம்பு பங்குனி, சித்திரையில் இளம் இலையோடு பூத்துக் குலுங்கும். உகாதிப் பச்சடிக்கும் சித்திரை வருஷப் பிறப்புக்கும் அந்தப் பூதான். வாகை பின்பனிக்காலத்தில் மொட்டையாகி, காய்ந்த நெற்றுகள் மட்டும் காற்றில் கலகலக்க நிற்கும். இலுப்பை கோடையின் தொடக்கத்தில் இலையுதிர்க்கும். மகிழம், புன்னை, நாவல் மூன்றும் ஏறத்தாழ வருஷம் முழுக்கப் பச்சை. ஆனால் நாவல் பழுக்கிற ஆனி, ஆடியில் தரையெல்லாம் ஊதாக் கறை. பஸ் நிறுத்தத்துக்கு நேர் மேலே வைத்தால் சட்டையோடு சண்டை வரும், திடலின் ஓரத்தில் வைத்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

ஒரே வகை மரம் நின்றால் ஒரே மாதத்தில் மொத்தத் திடலும் மொட்டை. நான்கைந்து வகை நின்றால் எந்த மாதத்திலும் ஏதாவது ஒன்றின் கீழே ஒதுங்கலாம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு திருத்தணி மலைக்கு 365 படி ஏற வருகிற கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். அவர்கள் படிக்கு வருவதற்கு முன்னால் ரயில் நிலையத்திலிருந்தும் பஸ் ஸ்டாண்டிலிருந்தும் தார்ச் சாலையில் நடக்கிறார்கள், பலர் வெறுங்காலோடு.

அந்தத் தார்ச் சாலைக்கு ஒரு எண் உண்டு. பெங்களூரில் நிழல் மரம் உள்ள சாலைப் பகுதிகளையும் இல்லாத பகுதிகளையும் ஒப்பிட்டு அளந்த ஆய்வு 2013-இல் வெளியானது. பிற்பகலில் மரமுள்ள பகுதியில் காற்றின் வெப்பம் 5.6 டிகிரி வரை குறைவாக இருந்தது. சாலைப் பரப்பின் வெப்பமோ 27.5 டிகிரி வரை குறைவு. பெங்களூரிலேயே அப்படியென்றால், திருத்தணி மே மாதத்தில் வெறுங்காலுக்கு அது என்ன வித்தியாசம் என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

பறவைகளுக்கும் இதே காலண்டர்தான். அத்தி இனங்கள் ஒரே சமயத்தில் காய்க்காமல் மாற்றி மாற்றிக் காய்க்கும். ஒன்று ஓயும்போது இன்னொன்றில் பழம் இருக்கும். மைனா, குயில், பச்சைப்புறா, பழந்தின்னி வௌவால் எல்லாம் அந்த வரிசையை நம்பித்தான் ஊருக்குள் இருக்கின்றன.

வர்தா விட்டுப்போன கணக்கு

2016 டிசம்பர் 12. வர்தா புயல் சென்னையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசிய காற்றில் மாநகரில் மட்டும் 10,000-க்கும் மேற்பட்ட மரங்கள் சாய்ந்தன. சென்னையோடு திருவள்ளூர் மாவட்டமும் அடி வாங்கியது. விழுந்தவற்றில் குல்மோகர், இயல்வாகை, தூங்குமூஞ்சி மரங்கள்தான் கண்ணுக்குத் தெரிந்தன. “வெளிநாட்டு மரம், அதான் விழுந்தது” என்று உடனே தீர்ப்பும் வந்தது.

அந்தத் தீர்ப்பில் நியாயம் உண்டு. சீக்கிரம் வளர்கிற மரத்தின் கட்டை மென்மையாக இருக்கும், குடை பெரிதாக இருக்கும், காற்று பிடித்துக்கொள்ளும். ஆனால் மரத்தின் மேல் மட்டும் பழி போட்டுவிட்டு மனுஷன் தப்பித்துக்கொண்டான். மழைநீர் வடிகால் தோண்டும்போது ஒரு பக்க வேர் போனது. கேபிள் பதிக்கும்போது மறுபக்க வேர். மின்கம்பிக்காக ஒரு பக்கக் கிளையை மட்டும் வெட்டியதில் மரம் ஒருக்களித்து நின்றது. அடிவரை சிமென்ட் பூசியதில் மிச்ச வேர் மூச்சுத் திணறியது. இப்படி நாலு பக்கமும் கட்டிப்போட்ட மரம் புயலில் நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்? வேம்பும்தான் விழுந்தது.

நேர் எதிர் உதாரணமும் சென்னையிலேயே இருக்கிறது. அடையாறு பிரம்மஞான சபை வளாகத்து ஆலமரம் பல நூற்றாண்டு வயது கொண்டது. 1989-இல் வீசிய பெருங்காற்றில் அதன் தாய்மரம் சாய்ந்தது. ஆனாலும் மரம் சாகவில்லை. விழுதுகள் இறங்கி வேர்பிடிக்க மண் இருந்தது, இடமும் இருந்தது. இன்று அங்கே நிற்பது அந்த விழுதுகள்தான். அதே ஆலை ஒரு சிமென்ட் திடலில் வைத்து, தொங்குகிற விழுதையெல்லாம் ‘அசிங்கமாக இருக்கிறது’ என்று கத்தரித்துவிட்டால் அதுவும் இன்னொரு பலவீனமான மரம்தான்.

வேருக்கு எவ்வளவு மண்?

மரத்துக்குத் தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சித் தரும் மெல்லிய வேர்கள் ஆழத்தில் இல்லை. பெரும்பகுதி மேல்மண்ணில், இரண்டு அடிக்குள் பரவியிருக்கின்றன. கிளை விரிந்த எல்லையைத் தாண்டியும் போகும். அவற்றுக்குத் தண்ணீர் போலவே காற்றும் வேண்டும். ‘பேவர் பிளாக்’ கல்லை அடிமரம் வரை ஒட்டிவைத்தால், அல்லது அழகுபடுத்துகிறோம் என்று அடிமரத்தைச் சுற்றி இரண்டடி மண் கொட்டி டைல்ஸ் மேடை கட்டினால், மரம் அடுத்த நாளே சாவதில்லை. அதனால்தான் யாருக்கும் உறுத்துவதில்லை. ஐந்து, பத்து வருஷத்தில் உச்சிக் கிளை காயும், இலை சிறுக்கும், அடியில் பூஞ்சைக் குடை முளைக்கும். பிறகு ஒரு நாள் காற்றில் விழும்போது “பழைய மரம்” என்று செய்தி வரும்.

பழைய அரசமரத்து மேடைகளைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். கல்லை அடுக்கித்தான் கட்டியிருப்பார்கள். இடுக்கு இருக்கும், இடுக்கில் மண் இருக்கும், நாகர் சிலைக்கு ஊற்றிய பாலும் தண்ணீரும் கீழே இறங்க வழி இருக்கும். அதே மேடைக்கு இன்று உபயதாரர் பெயர் பொறித்த கிரானைட். உபயதாரர் நல்லவர்தான், மேடை கட்டியவருக்குத்தான் மரம் தெரியவில்லை.

டெல்லியில் இதற்கு ஒரு தீர்ப்பே உண்டு. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்துக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் உத்தரவிட்டது. டெல்லிக்கு 1994-இலிருந்தே மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கர்நாடகத்தில் 1976 முதல் இருக்கிறது. தமிழ்நாட்டில் மலைப் பகுதிகளுக்கு 1955-இலேயே மரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சமவெளியின் ஊர்த் திடல்களுக்கு அப்படி ஒரு முழுச் சட்டம் இல்லை. அரசு நிலத்தில் உள்ள மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. அது வெட்டுவதைத் தடுக்கும். சிமென்ட் பூசி மெல்லச் சாகடிப்பதை எந்தக் குழுவிடம் போய்ச் சொல்வது?

ஆணியும் அப்படித்தான். ‘வீட்டு மனை விற்பனைக்கு’, ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ போர்டுகளை அடிக்கும் ஒவ்வொரு ஆணியும் பட்டையில் ஒரு கதவு. மழைத் தண்ணீரும் பூஞ்சையும் அது வழியாக உள்ளே போகும். கம்பி கட்டினால் இன்னும் மோசம். பட்டைக்கு அடியில்தான் சாறு ஓடும் பாதை. மரம் பருக்கப் பருக்கக் கம்பி அதை நெரிக்கும்.

மரம் ஒன்று, முதலாளி ஐந்து பேர்

ஒரு சின்ன ஊரின் நடுவில் நிற்கும் பத்து மரத்துக்கு யார் பொறுப்பு என்று தேடினால் தலை சுற்றும். ஸ்டேஷன் வளாகத்தில் நிற்பது தெற்கு ரயில்வேயுடையது. வெளியே சாலையோரம் நெடுஞ்சாலைத் துறை. கோயில் வாசலில் அறநிலையத் துறை. ஏரிக்கரையில் நீர்வளத் துறை. புறம்போக்கில் வருவாய்த் துறை. நடுவில் மிச்சம் இருப்பது பஞ்சாயத்து. இவர்கள் யாருக்கும் சொந்தமில்லாத மின்வாரியம்தான் வருஷா வருஷம் அரிவாளோடு வருகிறது. திருத்தணி போன்ற நகராட்சி என்றால் இந்தப் பட்டியலில் இன்னும் ஒன்று கூடும்.

இதில் மின்வாரிய ஊழியரைத் திட்டிப் பயனில்லை. கம்பிக்கு அடியில் உயர்ந்து வளரும் மரத்தை நட்டது அவரில்லை. கம்பிக்குக் கீழே சரக்கொன்றை மாதிரி உயரம் அடங்கிய மரமும், கம்பி இல்லாத திடல் நடுவில் ஆலும் மருதும் என்று முதலிலேயே இடம் பார்த்து நட்டிருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது. ஆல், அரசை வீட்டுச் சுவரை ஒட்டி வைத்துவிட்டு ‘வேர் சுவரைப் பிளக்கிறது’ என்று வெட்டுவதும் இதே ரகம்.

தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் பசுமை இயக்கத்தைத் தொடங்கியது. மாநிலத்தின் 23.7 சதவீதப் பசுமைப் பரப்பைப் பத்தாண்டில் 33 சதவீதமாக்குவது இலக்கு. நல்ல இலக்கு. ஆனால் சதவீதம் என்பது வானத்திலிருந்து பார்க்கும் கணக்கு. செயற்கைக்கோள் படத்தில் யூகலிப்டஸ் தோப்பும் பச்சை, ஆலங்காடும் பச்சை. சந்தைத் திடலில் நிற்கும் ஒற்றை மருதமரம் அந்தப் படத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று என்ற ஈடும் இதே கோளாறு கொண்டது. ஊர் நடுவில் 60 வருஷ மரத்தை எடுத்துவிட்டு, ஊருக்கு வெளியே வேலியோரம் ஒரே வகைக் கன்று பத்து நட்டால் கணக்கு சரியாகிவிடும். பூக்காரம்மாவுக்கு நிழல் வராது.

ஊர் மட்டத்தில் வேண்டியது பெரிய திட்டமெல்லாம் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம். இன்றைக்கு என்றால் ஒரு எக்ஸெல் ஷீட். பொது இடத்தில் நிற்கிற ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு வரி: என்ன மரம், எந்தக் குடும்பம், சுற்றளவு எவ்வளவு, அடியில் மண்ணா சிமென்டா, யார் நிலம், எந்த மாதம் இலை கொட்டுகிறது. சான்டமோர் கணக்கைப் பத்து மரத்துக்குப் போட முடியாது. ஊர் மொத்தத்துக்கும் சேர்த்துப் போட்டால் எந்த வகை அதிகம், எது இல்லவே இல்லை என்று தெரிந்துவிடும். வயதும் தெரியும். எல்லாம் ஒரே வருஷம் நட்டவை என்றால் எல்லாம் ஒரே காலத்தில் மூப்படையும், அதற்கு இப்போதே ஆங்காங்கே இளங்கன்று வைக்க வேண்டும். பிளஸ் டூ தாவரவியல் மாணவர்கள் இரண்டு சனிக்கிழமையில் முடித்துவிடக்கூடிய வேலை. தினமும் மின்சார ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய்வரும் மணவூர், திருவாலங்காட்டு இளைஞர்களுக்கு அந்த ஷீட்டைப் பராமரிப்பது கைப்பழக்கம்.

மணவூர் போன்ற ஊராட்சிகளில் அதை வைத்துப் பேச ஒரு மேடையும் இருக்கிறது. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் அக்டோபர் 2 கூட்டம் வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் வருகிறது, கன்று வைக்க அதைவிட நல்ல நேரம் இல்லை. இந்த வருஷம் எத்தனை கன்று என்பதோடு, இதுவரை இல்லாத எந்த மூன்று வகை என்றும் தீர்மானத்தில் எழுதலாம். ஏற்கெனவே நிற்கும் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்கு சிமென்டை உடைக்க எத்தனை ஆள், எத்தனை நாள் என்பதையும் சேர்க்கலாம். உடைப்பதற்குக் கடப்பாரை போதும், டெண்டர் தேவைப்படாது. வேம்பின் நுனி கருகத் தொடங்குவதும் ஏறக்குறைய அதே பருவத்தில்தான். கருகி நிற்கும் வேம்புகளை அந்தப் பட்டியலில் தனியாகக் குறித்து, மார்ச் மாதத் தளிர் பார்க்கும்வரை யாரும் கைவைக்கக் கூடாது என்று ஒரு வரி அதே தீர்மானத்தில் எழுதிக்கொள்ளலாம்.